சுவர் காயக் கூடாது

இந்த வீட்டில் எனக்கென்று ஓர் அறை இருந்தே தீர வேண்டும். என் ஐம்பத்திரண்டு வயதில் நானாக எடுத்த ஒரே தீர்மானம் இது. மற்ற தீர்மானங்களை எல்லாம் என் மனைவி எனக்காக எடுத்துவிட்டாள்.

அறை ஒன்றும் அரண்மனை இல்லை. எட்டடிக்கு ஒன்பதடி, ஒரு ஜன்னல், அவ்வளவுதான். மகள் விடுதியில் தங்கிப் படிக்கப் போனதும் காலியானது. அவள் வண்டி ஏறிய மறுநாளே நான் உள்ளே குடியேறிவிட்டேன். அங்கே என்னய்யா செய்தாய் என்று கேட்பீர்கள். ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்க ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று கல்யாணமானவர்களுக்குத்தான் புரியும்.

பதினோரு நாள் ராஜாவாக இருந்தேன். பன்னிரண்டாம் நாள் மனைவி வாசலில் வந்து நின்றாள்.

"தம்பிக்கு இந்த ஊருக்கே மாத்தலாகியிருக்காம். வீடு கிடைக்கிற வரைக்கும் இந்த ரூம்லதான் இருக்கப் போறான். உங்க சாமானை எல்லாம் எடுத்துடுங்க."

என் மச்சினன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் சண்டை போட்டாவது விரட்டலாம். அவன் நல்லவன். ரொம்ப நல்லவன். நாம் நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஓயாமல் புத்தி சொல்கிறவன். போன தடவை ஒரு வாரம் என்று வந்தவன் ஐந்து மாதம் இருந்தான். அந்த ஐந்து மாதத்தில் எப்படி உட்கார வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும், செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும் நான் புதிதாகக் கற்றுக்கொண்டேன். எனக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. இருபத்தேழு வருஷமாக நடத்துகிறேன். அவன் ஒரு நாள் கடைக்கு வந்து, எழுத்துப் பலகை எவ்வளவு தூரத்தில் மாட்டினால் கண்ணுக்கு நல்லது என்று எனக்கு விளக்கிவிட்டுப் போனான்.

வர வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்பீர்கள். தம்பி என்ற சொல்லைச் சொல்லும்போது என் மனைவியின் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. நான் தலையாட்டினேன். அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தெய்வம் கண்ணைத் திறந்தது. மாடி வீட்டுக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே வெடித்து, தண்ணீர் அந்தச் சின்ன அறையின் சுவர் வழியாக இறங்கிவிட்டது. மேலிருந்து கீழ்வரை பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. தரையில் கணுக்கால் அளவு தண்ணீர். மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நானும் வைத்துக்கொண்டேன். சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்க அது வசதியாக இருந்தது.

மாடியில் இருப்பவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. எழுபது வயது, முழங்கால் வலி, தனி ஆள். டீச்சரம்மா என்றால் இந்தக் கட்டடமே எழுந்து நிற்கும். அவர் மத்தியானத்துக்குள் பிளம்பரை வரவழைத்துக் குழாயைச் சரி செய்துவிட்டார். ஒழுகல் நின்றது. ஆனால் குடித்த தண்ணீரைச் சுவர் திருப்பித் தர வேண்டுமே. அதற்காக மனைவி ஓர் ஆளைப் பிடித்தாள்.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மீட்டர்காரர் என்றே வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை வந்து கொப்புளங்களைச் சுரண்டி, பூச்சைச் செதுக்கி, ஒரு பெரிய காற்றாடியையும் ஈரத்தை உறிஞ்சும் மிஷின் ஒன்றையும் வைத்தார். பிறகு சுவரில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டார். பையிலிருந்து ஒரு மீட்டரை எடுத்து, அதன் இரண்டு ஊசிகளையும் வட்டத்துக்குள் குத்திப் பார்த்தார். முப்பத்து நாலு என்று காட்டியது.

"பதினஞ்சுக்குக் கீழ வரணும். வந்தாதான் பட்டி பாத்து பெயின்ட் அடிக்கலாம். அதுக்கு முன்னாடி யாரும் இந்த ரூம்ல படுக்கக் கூடாது, நெஞ்சு சளி கட்டிடும்," என்றார். தினமும் காலை பத்து மணிக்கு வந்து பார்ப்பதாகவும் சொன்னார்.

மனைவி தம்பிக்குப் போன் போட்டாள். அவன் அலுவலகத்தில் அவனுக்கு ஒரு குடியிருப்பு ஒதுக்கியிருந்தார்களாம். அடுத்த திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வேண்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேண்டும் என்று கையெழுத்துப் போட்டால் இரண்டு வருஷத்துக்கு அங்கேதான் இருந்தாக வேண்டும். அக்கா வீட்டுச் சுவர் காய்ந்துவிட்டால் வேண்டாம் என்று எழுதிவிட்டு இங்கே வந்துவிடுவான்.

ஆக, ஒரு வாரம். அடுத்த திங்கள் சாயங்காலம் வரைக்கும் அந்தச் சுவர் ஈரமாக இருந்தால் அறை எனக்கு. காய்ந்தால் மச்சினனுக்கு.

செவ்வாய்க்கிழமை இருபத்தெட்டு. புதன்கிழமை இருபத்தொன்று. மீட்டர்காரர் சுவரைத் தடவிக் கொடுத்து, நல்லா ஒத்துழைக்குதும்மா என்றார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமை பட்டி, சனிக்கிழமை பெயின்ட், ஞாயிற்றுக்கிழமை பெட்டி படுக்கையோடு மச்சினன்.

அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. ரொம்பச் சின்ன யோசனை. கடையில் கண்ணாடி துடைக்கத் தண்ணீர் பீய்ச்சும் பாட்டில் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றைச் சட்டைக்குள் ஒளித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

மனைவி எட்டரை மணிக்குத் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போவாள். திரும்பி வரப் பத்து நிமிஷம் ஆகும். நான் கடை திறப்பது பதினோரு மணிக்கு. வியாழக்கிழமை அவள் காலடிச் சத்தம் மேலே போய் அடங்கியதும் அறைக்குள் நுழைந்தேன். வேறெங்கும் வீணாக்காமல், மீட்டர் குத்துகிற மூன்று வட்டத்துக்குள் மட்டும் குறி பார்த்து அடித்தேன். தண்ணீரைச் சுவர் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. இருபது தடவை அடித்துவிட்டு பாட்டிலைப் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் சொருகினேன். வெளியே வந்தால் மனைவி காலி பக்கெட்டோடு எதிரில் நிற்கிறாள்.

"அங்க என்ன பண்றீங்க?"

சுவர் எப்படியிருக்கிறது என்று பார்த்தேன் என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உங்களுக்கு வீட்டு மேல இவ்வளவு அக்கறையா என்று கேட்டுவிட்டு நகர்ந்தாள். பத்து மணி வரைக்கும் நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மீட்டர் இருபத்தொன்பது காட்டியது. மீட்டர்காரர் ஊசியைத் துடைத்துவிட்டு மறுபடி குத்தினார். மறுபடி இருபத்தொன்பது. அவர் முகம் வாடிப்போனது. இருபது வருஷ அனுபவத்தில் ஏறுமுகமாகப் போகிற சுவரைப் பார்த்ததே இல்லை என்றார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஒரு நாளுக்கு வருந்துவார், நான் இரண்டு வருஷத்துக்கு வருந்த வேண்டுமே.

வெள்ளிக்கிழமை முப்பது. அன்றைக்கு அவர் வட்டத்துக்கு வெளியேயும் குத்திப் பார்த்துவிட்டார். வெளியே பதினெட்டு. உள்ளே முப்பது. தலையைச் சொறிந்தார். மனைவியும் கிட்டே வந்து குனிந்து வட்டங்களை ரொம்ப நேரம் பார்த்தாள். நான் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வேற வழியில்லம்மா," என்றார் கடைசியில். "மேல இருந்து இன்னும் தண்ணி வருது. டீச்சரம்மா வீட்டு பாத்ரூம் தரையை உடைச்சுத்தான் பாக்கணும்."

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. என் கணக்கில் நானும் சுவரும்தான் இருந்தோம். நடுவில் டீச்சரம்மா வந்தது என் தப்பா சொல்லுங்கள். அவர் வீட்டில் இருப்பதே ஒரு குளியலறை. தரையை உடைத்தால் பத்து நாள் ஆகும். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு காலைக் கடனுக்கு இரண்டு மாடி இறங்கிப் பொதுக் கழிப்பறைக்கு வர வேண்டும். மனைவி மேலே போய்ப் பேசிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை காலை பிளம்பர் வருகிறார், உடைக்கிறார், முடிவாகிவிட்டது என்றாள். அவங்க பாவம், ஆனா நம்ம சுவரும் முக்கியமில்லையா என்று என் வாயிலிருந்தே ஓர் ஆமாவையும் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமையும் அடித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன், அடித்தேன். முப்பத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை மீட்டர்காரர் வருவதில்லை. மத்தியானம் மனைவி கடைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து டீச்சரம்மா ஒவ்வொரு படியாகப் பிடித்து இறங்கி வந்தார். நான் தன்னால் எழுந்து நின்றேன். அவர் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"நீங்க விவரமானவர். உங்க கிட்ட மட்டும் கேக்கறேன். நிஜமாவே அது எங்க வீட்டுத் தண்ணிதானா?"

நான் மேஜை மேலிருந்த செய்தித்தாளை எடுத்து நாலாக மடித்தேன்.

"என்னாலதான் உங்க சுவர் கெட்டுப் போகுதுன்னா, தாராளமா உடைங்க. எனக்காகப் பாக்காதீங்க. நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்," என்று சொல்லிவிட்டு, வந்த மாதிரியே ஒவ்வொரு படியாக ஏறிப் போனார்.

இருபத்திரண்டு படிகள். ஒவ்வொன்றிலும் அவர் கால் வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. வெட்கத்தில் உடம்பு குறுகிப் போனது. ஓர் எட்டடி அறைக்காக ஒரு வயதான மனுஷியை நான் நடக்க விடுவதா? முடிவு பண்ணிவிட்டேன். இனிமேல் அடிப்பதில்லை. திங்கட்கிழமை மீட்டர் இறங்கிவிடும். தரை தப்பிக்கும். மச்சினன் வருவான். வந்து மூச்சு விடக் கற்றுக்கொடுக்கட்டும். பாட்டிலில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, அதைக் கடைக்கே கொண்டு போய் வைத்துவிட்டு வந்தேன். மனசு லேசானது.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை. தெரு முனையில் போய் நின்றுகொண்டேன். பத்து மணிக்குத் திரும்பினேன். மீட்டர்காரர் குத்தினார். நான் புன்சிரிப்போடு எட்டிப் பார்த்தேன்.

முப்பத்தாறு.

காதுக்குள் ரயில் ஓடியது. இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். பார்த்தார். முப்பத்தாறேதான். முதல் நாளைவிட அதிகம். அவர் மாடியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உடைச்சிட வேண்டியதுதான் என்று குரல் கொடுத்தார். மனைவியும் பிளம்பரும் ஏற்கெனவே மேலேதான் இருந்தார்கள். நான் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். சொதசொதவென்று இருந்தது. ஒருவேளை நிஜமாகவே மேலேயிருந்து தண்ணீர் வருகிறதோ? இல்லை, நான் அடித்து அடித்தே சுவருக்குள் ஒரு குளத்தை உண்டாக்கிவிட்டேனோ? யோசித்து முடிப்பதற்குள் மேலே இருந்து ணங் என்று சம்மட்டிச் சத்தம் கேட்டது.

கால் தானாக ஓடியது. இருபத்திரண்டு படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியாது. டீச்சரம்மா குளியலறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாளியும் துண்டும் மூட்டை கட்டித் தயாராக இருந்தன. பிளம்பர் கீழே ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் பழைய செங்கல் ஒன்றை வைத்து அடித்துக்கொண்டிருந்தார். தரையை உடைப்பதற்கு முன் அப்படி ஒரு தொழில்முறை உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனைவி கையில் போனைப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள். பிளம்பர் இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினார்.

"அடிக்காதீங்க," என்றேன். மூச்சு வாங்கியது. "தண்ணி மேல இருந்து வரல. நான்தான் தினமும் சுவத்துல தண்ணி அடிச்சேன். பாட்டில்ல எடுத்து அடிச்சேன்."

பிளம்பர் சம்மட்டியைக் கீழே வைத்தார். மனைவி இரண்டடி முன்னால் வந்தாள். அவள் குரல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது.

"எதுக்குங்க அப்படிப் பண்ணீங்க?"

"உன் தம்பி வரக் கூடாதுன்னுதான்."

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. சரியா கேக்கல."

"உன் தம்பி இங்க வரக் கூடாது. அதுக்காகத்தான் சுவரைக் காய விடாம பண்ணேன். போதுமா?"

அப்போது அவள் கையில் இருந்த போன் பேசியது. "அத்தான்?"

பூமி பிளக்கும் என்று பார்த்தேன். மாடி வீடு, பிளந்தாலும் என் வீட்டுக்குள்தான் விழுவேன். மச்சினன் முதலிலிருந்தே லைனில் இருந்திருக்கிறான். இன்றைக்குச் சுவர் காய்ந்ததா இல்லையா என்று கேட்டுக் கையெழுத்துப் போடக் காத்திருந்தவன். பிறகு அவன் சொன்னான். "பரவால்லக்கா. நான் குவார்ட்டர்ஸுக்கே கையெழுத்துப் போட்டுடறேன். நீ அத்தானைத் திட்டாதே. அத்தான், ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. பாட்டில்ல தண்ணி அடிக்கிறப்ப கையைத் தோளுக்கு மேல தூக்கவே கூடாது. நரம்பு பிடிச்சுக்கும்."

மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். உனக்காக நான் எவ்வளவோ பாத்தேன்டா, இந்த மனுஷன் இப்படிப் பண்ணிட்டாரே என்று உடைந்த குரலில் சொன்னாள். நீ என்னக்கா பண்ணுவே, உன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று அவன் அவளைத் தேற்றினான். டீச்சரம்மா என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் பத்து வயதுப் பையனாகிவிட்டேன்.

கீழே வந்ததும் சமையலறை வாசலில் நின்றேன். வாங்க வேண்டிய திட்டை வாங்கிவிடுவோம் என்று நின்றேன். அவள் நிம்மதியாக டீ போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ பாட்டு வேறு முணுமுணுத்தாள். எனக்கு ஒன்றுதான் புரியவில்லை.

"நான் இன்னிக்கு அடிக்கவே இல்ல. அப்புறம் எப்படி முப்பத்தாறு?"

"நான் அடிச்சேன்," என்றாள் அவள், டீயை ஆற்றிக்கொண்டே. "உங்கள மாதிரி பாட்டில்ல எல்லாம் இல்ல. ஒரு செம்பு தண்ணிய எடுத்து ஊத்தினேன்."

நான் சுவரில் சாய்ந்தேன். அவள் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். வட்டத்துக்குள் மட்டும் ஈரம் என்று வெள்ளிக்கிழமை பார்த்தபோதே அவளுக்கு விளங்கிவிட்டதாம். தண்ணீருக்கு வட்டம் தெரியாது, உங்களுக்குத்தானே தெரியும் என்றாள். போன தடவை தம்பி ஐந்து மாதமும் அவள் குழம்பைத் திருத்தினானாம், வீடு கூட்டுவதைத் திருத்தினானாம், அவள் தூங்குகிற பக்கத்தைக்கூடத் திருத்தினானாம். மறுபடி அவனை வைத்துக்கொள்ள அவளுக்கு மட்டும் ஆசையா? ஆனால் கூடப் பிறந்தவனிடம் வராதே என்று அவள் வாயால் எப்படிச் சொல்வாள்? நான் சொல்ல வேண்டும். அதுவும் அவன் காதில் விழுகிற மாதிரி, நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும்.

"டீச்சரம்மா?" என்றேன்.

"அவங்கதான் யோசனையே குடுத்தாங்க. உங்களுக்கு மனசாட்சி இருக்குதுன்னு நான் நம்பல. அவங்கதான் இருக்கும்னாங்க. அதான் ஞாயித்துக்கெழமை வந்து சோதிச்சுப் பாத்தாங்க. பிளம்பரும் அவங்க கிட்ட படிச்ச பையன்தான். தரையில ஒரு கீறல்கூட விழல, போய்ப் பாருங்க."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் டீயின் பாதியில் எனக்கு இன்னொன்று உறைத்தது. மச்சினன் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு வர மாட்டான். என் மானம் போனால் போகிறது. அறை? அறை எனக்குத்தானே.

சுவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அடுத்த நாலு நாளும் காலையில் நானே காற்றாடியைத் திருப்பி வைத்தேன், மிஷின் உறிஞ்சிய தண்ணீரை நானே கொட்டினேன், ஜன்னலை நானே திறந்தேன். முப்பத்தாறு, இருபத்தொன்பது, இருபத்திரண்டு, பதினேழு, பதினாலு. மீட்டர்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் மீட்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகட்டும். பட்டி பார்த்தார்கள், தேய்த்தார்கள், இரண்டு கை பெயின்ட் அடித்தார்கள். என்ன நிறம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. இளம் பச்சை. அழகாகத்தான் இருந்தது. பெயின்ட் வாசனை போக இரண்டு நாள் பொறுத்தேன்.

மூன்றாம் நாள் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து, ஒரு புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் அறைக் கதவைத் தள்ளினேன்.

ஜன்னலோரம் புது மேஜை. மேஜை மேல் அவள் தையல் மிஷின். பக்கத்தில் மூன்று அடுக்குத் துணி. அவள் காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, ஒன்றுமே செய்யாமல், இளம் பச்சைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏதாவது வேணுமா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். வேண்டாம் என்கிற பக்கமாகத்தான்.

"அப்ப போறப்ப கதவைச் சாத்திட்டுப் போங்க."